இன்காக்னிட்டோவாம், மண்ணாங்கட்டியாம்

மூலத்துக்கு மருந்து தேடியது நான். அதுவும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு, இன்காக்னிட்டோ விண்டோவில். இரண்டே நாளில், ஹாலில் மாமனார் டேப்லெட்டில் பார்த்துக்கொண்டிருந்த சமையல் வீடியோவுக்கு நடுவே 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு' என்று ஒருத்தர் வந்து சிரிக்கிறார். முன்பெல்லாம் இந்த நோட்டீஸ் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரோடு நின்றது. இப்போது வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கே வருகிறது.

இன்காக்னிட்டோவைத் திறந்தால் வரும் அந்தத் தொப்பி, கண்ணாடி பொம்மையை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். அது செய்வதெல்லாம் நம் மெஷினில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்வதுதான்; ஐபி முகவரி, அதாவது நம் வீட்டு இணைய இணைப்பின் எண், நாம் போகிற தளத்துக்கு அப்படியே தெரியும். இதே விஷயத்துக்கு அமெரிக்காவில் கூகுள் மேல் 2020-ல் வழக்குப் போட்டு, 2024-ல் சமரசமாகி, நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டார்கள். செய்தியை அன்றைக்கே படித்தேன். படித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

சரி, அந்த முகவரியை மறைக்கிற விபிஎன் ஆப் உருப்படியாக ஏதாவது போடலாம் என்று உட்கார்ந்தால் அங்கேதான் வயிற்றெரிச்சல். 'சிறந்த பத்து விபிஎன்' என்று எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே நாலு பெயர், வரிசைதான் மாறுகிறது. விபிஎன்மென்டர் என்று ஒரு மதிப்புரைத் தளம். அதன் தாய் நிறுவனத்தை 2021-ல் வாங்கியது கேப் டெக்னாலஜீஸ். சைபர்கோஸ்ட் என்ற விபிஎன் ஏற்கெனவே அவர்களுடையது, அதே வருஷம் எக்ஸ்பிரஸ்விபிஎன்னையும் வாங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டாரே தரகர் வேலையும் பார்த்தால் ஜாதகம் பொருந்தாமல் இருக்குமா? இன்னொரு கடையில் '82 சதவீதத் தள்ளுபடி, இன்னும் 14 நிமிடம்தான்' என்று சிவப்பில் கடிகாரம் ஓடியது. பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தேன். மறுபடி 15-லிருந்து ஆரம்பித்தது. இவனிடமா என் ரகசியத்தைக் கொடுப்பது?

இலவசமாக எடுக்கலாமென்றால், ஃபேஸ்புக் ஒனாவோ என்று ஒரு இலவச விபிஎன்னை வைத்துக்கொண்டு, மக்கள் எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று வேவு பார்த்த கதை இருக்கிறது. 2018-ல் ஆப்பிள் கடையிலிருந்து அதை எடுக்க வேண்டியதாயிற்று. ஆன்டிவைரஸ் விற்கும் அவாஸ்ட் இன்னும் மோசம். உளவு பார்க்கிறவர்களைத் தடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக மக்கள் எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்பதையே விற்றார்கள். 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள், இங்கே வேலியே மேய்ந்திருக்கிறது. நம் ஊர் கதை தனி: 2022-ல் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு போட்ட உத்தரவு, விபிஎன் வாடிக்கையாளர் பெயரையும் முகவரியையும் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டுமென்று. பெரிய கம்பெனிகள் சில இந்தியாவிலிருந்த சர்வரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன.

தேடித் தேடிக் கடைசியில் நம்பும்படி கிடைத்தது, பிரவுசரில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன் ஒன்றுதான். காசு கேட்காது, எழுதியவர் நன்கொடைகூட வாங்குவதில்லை. (வெறும் 'யூபிளாக்' என்று இன்னொன்று இருக்கிறது, அது வேறு, அதைப் போட்டுவிட்டு ஒரு வாரம் ஏமாந்தேன்.) நல்லதாக ஒன்று இருந்தால் விடுவார்களா? குரோம் எக்ஸ்டென்ஷன் விதியை மாற்றியதில் அது அங்கே ஓடாமல் போயிற்று, மிச்சம் இருப்பது லைட் பதிப்பு. அதற்காகவே பயர்பாக்ஸ் பிரவுசருக்குக் குடிபெயர்ந்தேன். போன முதல் நாளே, நான் பில் கட்டும் தளம் ஒன்று 'தயவுசெய்து குரோமில் திறக்கவும்' என்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன்.

என் போன், லேப்டாப் எல்லாம் ஆயிற்று. மாமனார் டேப்லெட்டில் யார் போய்ப் போடுவது? "எதுக்கு மாப்ள இதெல்லாம்?" என்று கேட்டால் என்ன சொல்ல? அவர் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று மார்க்கெட்டுக்குப் போனவர் இரண்டு கிலோ கருணைக்கிழங்கோடு வந்தார்.