அங்குலத்தை மட்டும் பார்க்காதீர்கள்
"சின்னப் படகாக இருந்தாலும் 9 அங்குலத் திரைதான் வாங்க வேண்டும்" என்று, நீருக்கடியில் இருக்கும் மீனையும் ஆழத்தையும் திரையில் காட்டும் கருவி (ஃபிஷ் ஃபைண்டர்) வாங்குவது பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம்; வாரம் முழுக்க செம்பனைத் தோட்டத்தில் வேலை, ஞாயிறு விடிந்தால் அப்பாவோடு பேராக் ஆற்று முகத்துவாரத்தில் கொடுவா பிடிக்கப் போவோம். கடைக்காரர் பேச்சைக் கேட்டு 9 அங்குலம் வாங்கினோம். பகல் பதினொரு மணிக்கு மேல் திரையில் வானம்தான் தெரியும். அப்பா துண்டை விரித்து நிழல் பிடிப்பார், நான் குனிந்து பார்ப்பேன். முதலில் கேட்க வேண்டியது வெளிச்சம். அதை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்; 1000 நிட்ஸுக்கு ரொம்பக் குறைந்தால் திறந்த படகில், வெயிலில் பார்ப்பது கஷ்டம். அடுத்தது, மேலிருந்து கீழாக எத்தனை புள்ளிகள் என்பது. 20 மீட்டர் ஆழத்தை 480 புள்ளிகளில் காட்டினால் ஒரு புள்ளிக்குச் சுமார் 4 செண்டிமீட்டர், 272 என்றால் 7க்கும் மேல். 800×480 புள்ளிகளோடு 7 அங்குலமும் வருகிறது, 9 அங்குலமும் வருகிறது. பெரியதில் படம் பெரிதாகுமே தவிர கூடுதலாக எதுவும் தெரியாது, பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் கறுப்பு வெள்ளைத் திரையே போதும் என்கிறார். எங்கள் பக்கம் அடியெல்லாம் சேறு, அண்ணே. சேற்றை ஒட்டிக் கிடக்கும் மீனை நிற வேறுபாட்டில்தான் சட்டென்று பிரித்துப் பார்க்க முடிகிறது. அப்புறம், போலரைஸ்டு கண்ணாடி (தண்ணீரின் கூச்சத்தைக் குறைக்கும் வெயில் கண்ணாடி) போடுகிறவர்கள் அதைக் கடைக்கே போட்டுக்கொண்டு போய், தலையை இரண்டு பக்கமும் சாய்த்துப் பாருங்கள்; சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக்க இருண்டுவிடும்.