ஏதென்ஸா, ஸ்பார்ட்டாவா?

ஜிம் சுவரில் ஸ்பார்ட்டா வீரன், அரசியல் மேடையில் ஏதென்ஸ் ஜனநாயகம். பண்டைய கிரேக்கத்தின் இந்த இரண்டு ஊர்களையும் இப்படித்தான் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த ஊர்களை ஒப்பிட வேண்டுமென்றால் சட்டத்தில் ஆரம்பிக்கக் கூடாது. வயலில் உழைத்தது யார், போருக்குப் போனது யார் என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஸ்பார்ட்டா பக்கத்திலிருந்த மெஸ்ஸீனியாவைப் பிடித்து, அந்த மக்களை ஹெலட்டுகள் என்று நிலத்தோடு கட்டிப்போட்டது. அவர்களும் கிரேக்கர்கள்தான், அதே மொழி, அதே தெய்வங்கள். கி.மு. 479இல் பாரசீகர்களை எதிர்த்து பிளாட்டீயா போருக்குப் போன ஒவ்வொரு ஸ்பார்ட்டனோடும் ஏழு ஹெலட்டுகள் போனதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஏழு பேரை அடக்கி வைத்திருக்கும் ஒருவனுக்கு எப்படித் தூக்கம் வரும்? ஏழு வயதிலேயே பையனை வீட்டிலிருந்து பிரித்துப் பயிற்சிக்கு அனுப்பியதெல்லாம் வீரத்தின் மேலிருந்த காதலால் அல்ல, பயத்தால். ஆண்டுதோறும் எபோர்கள் என்ற புதிய உயர் அதிகாரிகள் பதவியேற்றதும் ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள். அதற்கப்புறம் ஒரு ஹெலட்டைக் கொன்றால் பாவம் சேராதாம்.

இதனால் ஸ்பார்ட்டாவைச் சர்வாதிகாரம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரே சமயத்தில் இரண்டு அரசர்கள். அறுபது வயதைத் தாண்டிய 28 பேரும் அந்த அரசர்களும் சேர்ந்த மூதவை. ஆண்டுக்கு ஐந்து எபோர்கள். அரசனையே கூண்டில் ஏற்றும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. மூதவைக்கு ஆள் எடுத்த விதம்தான் வேடிக்கை. வேட்பாளர்கள் ஒவ்வொருவராகக் கூட்டத்தின் நடுவே பேசாமல் நடந்து போவார்கள். பக்கத்தில் ஒரு அறையில் சிலரை அடைத்து வைத்திருப்பார்கள். வெளியே நடப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். எத்தனையாவது ஆளுக்குக் கூச்சல் பலமாக இருந்ததோ அவருக்கு ஆயுள் பதவி. சிறுபிள்ளைத்தனம் என்று அரிஸ்டாட்டில் சலித்துக்கொள்கிறார். கட்சிக்காரர்களின் விசில் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது அவ்வளவு விநோதமாகத் தெரியவில்லை.

ஏதென்ஸின் கதை கடலில் இருக்கிறது. ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியம் சுரங்கத்தில் அடிமைகள் வெட்டியெடுத்த வெள்ளியை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ள இருந்தவர்களைத் தடுத்து, அந்தப் பணத்தில் போர்க்கப்பல் கட்ட வைத்தார் தெமிஸ்டோகிளிஸ் என்ற அரசியல் தலைவர். ஒரு கப்பலுக்கு 170 பேர் துடுப்பு வலிக்க வேண்டும். சொந்தமாகக் கவசம் வாங்க வசதியில்லாத ஏழைக் குடிமகன் அந்தப் பலகையில் உட்கார்ந்தான். கி.மு. 480இல் சலாமிஸில் பாரசீகர்களை வென்றது அவன் தோள்தான். ஊரைக் காப்பாற்றியவனை எத்தனை நாளைக்கு வெளியே நிறுத்துவது? அடுத்த இருபது ஆண்டுகளுக்குள்ளேயே பழைய பிரபுக்களின் மன்றத்திடமிருந்து பெரும்பாலான அதிகாரங்களைப் பறித்தார் எஃபியால்டீஸ் என்ற இன்னொரு தலைவர். 500 பேர் அவைக்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அதில் உட்கார முடியாது. நீதிமன்றத்தில் நடுவராக உட்காரவும், அடுத்து வந்த தலைவர் பெரிக்ளீஸ் காலத்தில் தினப்படி கொடுத்தார்கள், கூலிவேலை செய்பவனும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வரட்டும் என்று.

இவ்வளவு இருந்தும் ஏதென்ஸ் பெண்ணுக்கு ஓட்டும் கிடையாது, பேர் சொல்லும்படி சொத்தும் கிடையாது. ஸ்பார்ட்டாவிலோ நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருந்தது. இதையும் அரிஸ்டாட்டில் குறையாகத்தான் சொல்கிறார், அது வேறு விஷயம்.

இரண்டு ஊர்களுக்கும் உண்மையான வித்தியாசம் எங்கே என்று கேட்டால், அடிமை போரில் உதவியபோது என்ன செய்தார்கள் என்பதைக் காட்டுவேன். இந்த இரண்டு ஊர்களும் மோதிக்கொண்ட பெலொப்பனேசியப் போர் சமயத்தில், களத்தில் சிறப்பாக உதவியதாக நினைக்கும் ஹெலட்டுகள் முன்வரலாம், விடுதலை தருகிறோம் என்று ஸ்பார்ட்டா அறிவித்தது. சுமார் 2000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தலையில் மாலை சூடிக் கோயில் கோயிலாகச் சுற்றி வந்தார்கள். கொஞ்ச நாளில் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். யார் எப்படிச் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது என்கிறார் அந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ். துணிச்சலோடு முன்வருபவன்தான் நாளைக்குக் கலகமும் செய்வான் என்ற கணக்கு.

அதே போரில் ஏதென்ஸ், கி.மு. 406இல் ஆர்கினூசே கடற்போருக்கு ஆள் போதாமல் அடிமைகளையும் துடுப்பு வலிக்க ஏற்றியது. வென்று திரும்பியவர்களுக்கு விடுதலையும் குடியுரிமையும் கொடுத்தது. இதனால்தான் என் ஓட்டு ஏதென்ஸுக்கு. ஆனால் முழு மனதோடு அல்ல. மூன்று ஆண்டுகள் கழித்து, போரில் தோற்ற ஏதென்ஸைப் பிடித்து ஆண்ட முப்பது பேர் கும்பலின் கொடுங்கோலை விரட்டி ஜனநாயகத்தை மீட்டபோது, தன்னோடு பிரேயஸ் துறைமுகத்திலிருந்து போராடி வந்த அத்தனை பேருக்கும் குடியுரிமை கொடுக்கலாம் என்று ஜனநாயகப் படையின் தலைவர் திராசிபூலஸ் தீர்மானம் கொண்டுவந்தார். அவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். அந்தத் தீர்மானம் சட்டவிரோதம் என்று வழக்குப் போட்டு ரத்து செய்ய வைத்தவர் ஆர்க்கினஸ். அவர் முப்பது பேரின் ஆள் இல்லை. திராசிபூலஸோடு கூடவே போராடிய ஜனநாயகவாதி.