நல்ல லேப்டாப்பைக் குப்பைன்னு சொல்லாதீங்க

லேப்டாப் ஸ்லோவா இருக்குன்னு யார்கிட்டயாவது வாயைத் திறந்தா போதும், "எத்தனை வருஷம் ஆச்சு? அஞ்சு ஆறு இருக்குமா? அப்ப புதுசு வாங்கிடுங்க"ன்னு பதில் தயாரா வருது. உள்ள என்ன ப்ராசசர், எவ்வளவு ரேம், தகவலைச் சேமிக்கறது சுத்தற தகடு வச்ச ஹார்ட் டிஸ்கா, சிப்புல சேமிக்கற எஸ்எஸ்டியா, ஒரு கேள்வி கிடையாது. வயசைக் கேட்டதும் தீர்ப்பு எழுதிடறாங்க. கேட்டுக் கேட்டு வயிறு எரியுது. நல்லா ஓடவேண்டிய மெஷினை இப்படி வாய் வார்த்தையிலேயே கொன்னு மூலையில போட வைக்கறாங்க. அடுத்த மாசமே கடன் வாங்கி இன்னொண்ணு வாங்கறவங்க எத்தனை பேர்!

அந்த ஸ்லோ எப்படி இருக்கும்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். பவர் பட்டனை அமுக்கினா லோகோ வரும், கீழ புள்ளிங்க சுத்தும், சுத்திக்கிட்டே இருக்கும். பாஸ்வேர்டு போட்டு டெஸ்க்டாப் வந்துட்டாலும் முடிஞ்சபாடில்ல. ஐகான் எல்லாம் முதல்ல வெள்ளைக் கட்டமா நிக்கும், அப்புறம் ஒவ்வொண்ணா படம் வரும். ப்ரௌசரை டபுள் கிளிக் பண்ணினா ஒரு சலனமும் இருக்காது. பொறுமை இழந்து திரும்பவும் கிளிக் பண்ணுவோம். ரொம்ப நேரம் கழிச்சு ரெண்டு விண்டோவும் ஒண்ணாச் சேர்ந்து வந்து நிக்கும், ரெண்டுலயும் 'நாட் ரெஸ்பாண்டிங்'. அந்த நேரத்துல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. சிபியு, அதாவது ப்ராசசர், பத்து சதவீதத்துல வேலை இல்லாம உக்காந்திருக்கும். டிஸ்க் 100%ல முட்டிக்கிட்டு நிக்கும். லேப்டாப்போட ஓரத்துல காதை வச்சா உள்ள கிர்ர் கிர்ர்னு ஒரு சத்தம் ஓயாம வரும்.

யாரால தாமதம்னு அந்தத் திரையே எழுதிக் காட்டுது. இருந்தும் ப்ராசசர் பழசாயிடுச்சுன்னு நெஞ்சறிஞ்சு பொய் சொல்றாங்க.

கணக்கைப் பாருங்க. பெரும்பாலான லேப்டாப் ஹார்ட் டிஸ்குல தகடு நிமிஷத்துக்கு 5400 சுத்து (5400 ஆர்பிஎம்) சுத்தும். ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட். நமக்கு வேண்டிய இடம் சுத்தி வந்து, தகட்டைப் படிக்கற ஹெட்டுக்குக் கீழ நிக்கறதுக்கு சராசரியா அரைச் சுத்து, அதாவது அஞ்சரை மில்லிசெகண்ட். அதுக்கு முன்னாடி ஹெட் அந்தத் தடத்துக்கு நகர்ந்து போகணும், அதுக்குப் பத்துப் பன்னெண்டு மில்லிசெகண்ட். ஆக, தகட்டுல அங்கங்க சிதறிக் கிடக்கறதை எடுக்கணும்னா ஒரு செகண்டுக்கு அறுபது எழுபது தடவைக்கு மேல முடியாது. விண்டோஸ் ஏறும்போது கேக்கறதோ ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டிக் கோப்பு. அது கூடவே ஆன்டிவைரஸ் கேக்கும், அப்டேட் கேக்கும், கிளவுட் சிங்க் கேக்கும். எல்லாம் ஒரே ஹெட்டைப் பிடிச்சு அங்கயும் இங்கயும் இழுக்கும். எஸ்எஸ்டியில சுத்தற தகடும் இல்ல, நகர்ற ஹெட்டும் இல்ல. ஹார்ட் டிஸ்க் மாட்டற அதே சாட்டா இணைப்புல ஓடற ரொம்பச் சாதாரண எஸ்எஸ்டி கூட செகண்டுக்குப் பல்லாயிரம் தடவை இந்தக் குட்டிக் கோப்பை எடுத்துக் கொடுக்கும். அறுபது எங்க, பல்லாயிரம் எங்க! இந்த வித்தியாசத்தை வச்சுக்கிட்டு ப்ராசசர் மேல பழியைப் போட எப்படி மனசு வருது?

இது தயாரிக்கற கம்பெனிகளுக்குத் தெரியாத ரகசியம் இல்ல. எஸ்எஸ்டி வந்து பல வருஷம் ஆன பிறகும், 4 ஜிபி ரேமும் 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்கும் போட்டு, மேல 'ஐ5'ன்னு ப்ராசசர் பேரைப் பளபளன்னு ஸ்டிக்கரா ஒட்டி மூட்டை மூட்டையா வித்தாங்க. '1 டெராபைட்'னு பெட்டியில கொட்டை எழுத்துல இருக்கும். அது எத்தனை ஆர்பிஎம்னு தேடினாலும் கிடைக்காது. குதிரையை வித்துட்டு அதோட காலைக் கட்டி அனுப்பின கதை இது. அப்புறம் ஓடலன்னு குதிரையையே மாத்தச் சொல்றாங்க.

எங்க அக்கா ஆன்லைன்ல பாடம் எடுக்கறவங்க. வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே லேப்டாப்பை ஆன் பண்ணி வச்சுட்டு வேற வேலை பாக்கப் போயிடுவாங்க. அது அவங்க வாழ்க்கையில ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. ஸ்கிரீன் ஷேர் பண்ணும்போது மெஷின் உறைஞ்சு நிக்கும், பசங்க "மிஸ், கேக்கல மிஸ்"னு கத்துவாங்க, இவங்க இங்க பதறுவாங்க. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனப்ப அங்க இருந்தவர் மூடியைக் கூடத் திறக்கல. "மேடம், ப்ராசசர் வீக் ஆயிடுச்சு. இதுல செலவு பண்றது வேஸ்ட்"னு சொல்லி, புது மாடல் படம் போட்ட நோட்டீஸை நீட்டியிருக்கார். பார்த்ததுக்குன்னு தனியா ஒரு தொகையும் வாங்கிக்கிட்டாங்க. எதைப் பார்த்தாங்களோ!

ப்ராசசர் வீக் ஆகுமா? வாங்கின அன்னைக்கு செகண்டுக்கு எத்தனை கணக்குப் போட்டுச்சோ இன்னைக்கும் அத்தனையே போடும். ஃபேன்ல தூசி அடைச்சு, சூட்டைக் கடத்த உள்ள தடவின பேஸ்ட் காய்ஞ்சு போயிருந்தா சூடு ஏறும், அப்ப தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். தூசியைத் தட்டி, பேஸ்டை மாத்தினா பழைய வேகத்துக்கு வந்துடும். இதைத் தெரிஞ்சுக்கிட்டே ஒருத்தர் அப்படிச் சொன்னா அது மோசடி. தெரியாம சொன்னா அந்த நாற்காலியில உக்கார அவருக்கு என்ன தகுதி?

அந்த லேப்டாப்பை வீட்டு மேஜையிலதான் பிரிச்சோம். கீழ்மூடியில வெளிய தெரியற ஸ்க்ரூவை எல்லாம் கழட்டின பிறகும் மூடி வரல. ரப்பர் காலை உரிச்சா அதுக்கடியில ரெண்டு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கு! எதுக்கு ஒளிக்கணும்? பழைய பிளாஸ்டிக் அட்டை ஒண்ணை ஓரத்துல விட்டு மெதுவா நெம்பினா கிளிப் டக் டக்னு விடுது. முதல் வேலையா பேட்டரி கனெக்டரைக் கழட்டிடணும், இதை மட்டும் யாரும் தவறவிடாதீங்க. அப்புறம் ஹார்ட் டிஸ்க். ஒரு தகரச் சட்டத்துல நாலு பொடி ஸ்க்ரூல நிக்குது, ஒரு சின்னப் பட்டை கேபிள். அவ்வளவுதான். அதே அளவு எஸ்எஸ்டியை அதே சட்டத்துல வச்சு, அதே ஸ்க்ரூவைப் போட்டு மூடிட்டோம். காலியாக் கிடந்த ரெண்டாவது ரேம் ஸ்லாட்டுல இன்னொரு 4 ஜிபி. பழைய டிஸ்குல இருந்ததை யுஎஸ்பி கேபிள் வழியா முன்னாடியே அப்படியே குளோன் எடுத்து வச்சிருந்ததால அக்காவோட ஒரு ஃபைல் கூட இடம் மாறல. (குளோன் எடுக்கறதுக்கு முன்னாடி முக்கியமானதை வேற இடத்துல நகல் எடுத்துடுங்க. டிஸ்க் விண்டோஸோட பிட்லாக்கர் பூட்டால பூட்டியிருந்தா ரெக்கவரி கீயை எழுதி வச்சுக்கோங்க. இது ரெண்டையும் செய்யாம ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீங்க.)

ஆன் பண்ணினோம். டெஸ்க்டாப் வந்து நின்னுச்சு. அக்கா திரையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "இவ்வளவுதானாடா?"ன்னு கேட்டாங்க.

அந்த ஒரு கேள்விதான் என் கோபத்தை இன்னும் கிளறி விட்டுச்சு. அத்தனை நாள் காத்திருப்பு, அத்தனை வகுப்புல பதட்டம், பசங்க முன்னாடி பட்ட அவமானம், எல்லாம் உள்ளங்கை அளவு ஒரு டப்பாவால. சர்வீஸ் சென்டர்ல அந்த மூடியைத் திறந்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

இதாவது கழட்ட முடிஞ்ச மாடல். இப்ப வர்றதுல பாதி கழட்டவே முடியாது. ரேமை மதர்போர்டோட சேர்த்து சால்டர் பண்ணி ஒட்டிடறாங்க. 2008ல வந்த முதல் மேக்புக் ஏர்லயே ரேம் இப்படித்தான், 2012ல ரெட்டினா மேக்புக் ப்ரோவும் அதே வழியில வந்துச்சு. இன்னைக்கு மெல்லிசா இருக்கற லேப்டாப் பெரும்பாலானதுல இந்த வியாதி. வாங்கும்போது 8 ஜிபி எடுத்தீங்கன்னா கடைசி வரைக்கும் 8 தான். நாலு வருஷம் கழிச்சு ப்ரௌசர் ஒண்ணே அதை விழுங்கும், நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. கேட்டா, எல்பிடிடிஆர்ங்கற ரேம் ரகம் மின்சாரம் கம்மியா இழுக்கும், அதை ப்ராசசருக்கு ஒட்டினாப்ல வைக்கணும், ஸ்லாட்டுல வச்சா அந்த வேகம் வராதுன்னு சொல்வாங்க. அது ஒரு காலத்துல நியாயமான பதிலா இருந்துச்சு, மறுக்கல. இப்பதான் அதே ரகத்தை ஸ்க்ரூ போட்டு மாட்டிக் கழட்டற எல்பிகேம்2ங்கற ரேம் பலகை வந்துடுச்சே! இதுவும் அடங்கின கேம்2 தரத்தை, மெமரித் தரங்களை வகுக்கற ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பர்லயே வெளியிட்டாச்சு, 2024ல அதை வச்சு லேப்டாப்பும் வித்தாச்சு. முடியாதுங்கறது இனிமே சாக்கு. மனசு இல்லைங்கறதுதான் விஷயம்.

விலை மலிவான ரகம் இன்னும் மோசம். 64 ஜிபி இஎம்எம்சின்னு ஒரு சேமிப்புச் சிப்பை போர்டுலயே ஒட்டி விக்கறாங்க. விண்டோஸும் ரெண்டு அப்டேட்டும் உக்காந்தா மூச்சு விட இடம் இல்ல. இதை முதல் முதலா வாங்கறது யாரு? கையில காசு கம்மியா இருக்கற மாணவங்க. அவங்க தலையில இதைக் கட்டறது பாவம்.

ஸ்லோ ஆகுதுன்னு தேடினா, 'ஒரே கிளிக்ல வேகம்'னு கிளீனர் சாஃப்ட்வேர் வரிசையா வந்து நிக்கும். ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கறேன், ரேமைத் துடைக்கறேன்னு சொல்லிட்டு, அதுவே ஸ்டார்ட்அப்ல போய் ஒட்டிக்கும். ஏற்கெனவே திணறுற டிஸ்குக்கு இன்னொரு சுமை. உங்களுக்கு வேண்டியது விண்டோஸுக்குள்ளேயே சும்மா இருக்கு: டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போய், தானா எழுந்திருக்கற வேண்டாத ஆப்பை எல்லாம் டிசேபிள் பண்ணுங்க. இன்னொண்ணு, ஷட்டவுன் கொடுத்தா விண்டோஸ் முழுசா அணையறதில்ல. விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கறதால, சிஸ்டத்தோட மையப் பகுதியை டிஸ்குல எழுதி வச்சுட்டுத்தான் தூங்கப் போகும். மெஷின் கோளாறு பண்ணும்போது ரீஸ்டார்ட் கொடுத்தாத்தான் எல்லாம் புதுசாத் தொடங்கும்.

ஒரு வழியா எஸ்எஸ்டி வாங்கலாம்னு முடிவு பண்ணினாலும் விட மாட்டாங்க. "சாட்டா எல்லாம் பழசு சார், இது செகண்டுக்கு 550 எம்பிதான் வரும். என்விஎம்இ போடுங்க, 3500 வரும்"னு இன்னொரு வேகமான எஸ்எஸ்டி ரகத்தைக் காட்ட ஆரம்பிப்பாங்க. அதை மாட்டற எம்.2ங்கற ஸ்லாட் உங்க லேப்டாப்புல இருக்கான்னே பார்த்திருக்க மாட்டாங்க. இருந்தாலும் சிலதுல சாட்டா ரகம் மட்டும்தான் ஏறும், சிலதுல என்விஎம்இ மட்டும்தான். பொருந்தாததை வாங்கிட்டு வந்து மாட்டினா, விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற பயாஸ் திரையில பேரே காட்டாது. அந்த 3500ங்கறதும் ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாப் படிக்கும்போது வர்ற எண். பூட் ஆகறதுல அந்த அளவு வித்தியாசம் தெரியவே தெரியாது. ஹார்ட் டிஸ்குல இருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் பெரிய தாவல் அதுலயே கிடைச்சிடும்.

இவ்வளவும் பண்ணி மெஷினைப் பறக்க விட்டா, மேல இருந்து இன்னொரு குண்டு. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 11க்குப் போகலாம்னா டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு அமைப்பு வேணும், இன்டெல்லா இருந்தா கிட்டத்தட்ட 8ஆம் தலைமுறையில இருந்துதான் சேர்த்துக்குவாங்க. எஸ்எஸ்டியும் 16 ஜிபி ரேமும் போட்டு ஜம்முன்னு ஓடற 7ஆம் தலைமுறை லேப்டாப்புக்கு இடம் இல்ல. ஆனா 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் இருக்கற அந்தத் திணறல் மெஷின் அவங்க எழுதி வச்ச குறைந்தபட்சத் தகுதிக்குள்ள வருதாம்! பாதுகாப்புக்காகன்னு காரணம் சொல்றாங்க. பாதுகாப்பு முக்கியம்தான். ஆனா நல்லா இருக்கற கோடிக்கணக்கான மெஷினைத் தெருவுல நிறுத்தறதுக்கு முன்னாடி அவங்க பக்கத்துல இருந்து இதைவிட மேலா ஒரு வழி வந்திருக்கணும். அப்படி மாட்டிக்கிட்டவங்க விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் மாதிரி ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பாருங்க. ப்ரௌசர், கடிதம், வீடியோ கால் அளவுக்கு வேலை இருக்கறவங்களுக்கு அது தாராளம்.

நான் கேக்கறது ரெண்டே விஷயம். சர்வீஸ் சென்டர்ல உக்காந்திருக்கறவங்க, 'புதுசு வாங்குங்க'ன்னு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி லேப்டாப் மூடியைத் திறங்க, டாஸ்க் மேனேஜரைத் திறங்க, உள்ள இருக்கற டிஸ்க் என்னன்னு எழுத்துல கொடுங்க. தயாரிக்கறவங்க, பெட்டியில ப்ராசசர் பேரைப் போடற அதே கொட்டை எழுத்துல, ரேமை மாத்த முடியுமா முடியாதா, டிஸ்கை மாத்த முடியுமா முடியாதான்னு அச்சடிங்க. 'ஆன்போர்டு' (போர்டுலயே ஒட்டினது)ன்னு ஒரு வார்த்தையை அடிக்குறிப்புல ஒளிச்சு வச்சு விக்காதீங்க. காசு கொடுத்து வாங்கறவங்க, கடையில நிக்கும்போதே இதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்கட்டும்.