சிக்கனத்தைப் பரிவு என்று எழுதாதீர்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் வாஷிங்டன் கருவூலத் துறை பெண்களுக்கு வேலை கொடுத்த கதையை எங்கே படித்தாலும், ஆதரவிழந்த குடும்பங்களுக்கு அரசு கைகொடுத்தது என்றே நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்கள்; அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஆண் எழுத்தர்கள் போர்முனைக்குப் போய்விட்ட நிலையில், அச்சடித்த நோட்டுத் தாள்களைக் கத்தரித்துப் பிரிக்கப் பெண்களை அமர்த்தினால் வேலையும் நன்றாக நடக்கும், செலவும் குறையும் என்பதுதான் கருவூலத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பின்னரின் வாதம். இதில் பரிவு எங்கே இருக்கிறது?

1864இல் பெண் எழுத்தரின் ஆண்டுச் சம்பளம் 600 டாலர் என்று சட்டமே வரையறுத்தது; ஆண் எழுத்தர்களின் கடைசி வகுப்புக்கே 1,200 டாலர். ஆசிரியைக்கும் தையல் வேலை செய்தவளுக்கும் கிடைத்ததைவிட இது அதிகம்தானே என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். அவளுடைய சம்பளத்தை ஒப்பிட வேண்டியது அதே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஆணின் சம்பளத்தோடு அல்லவா?

அவளுடைய நாள் எப்படிக் கழிந்தது என்பதை யாராவது நினைத்துப் பார்க்கிறார்களா? பழைய, அழுக்கேறிய நோட்டுகளைக் காலை முதல் எண்ணிக்கொண்டே, விரல் படும் வேகத்தில் கள்ள நோட்டையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று தப்பிவிட்டால் அந்த இழப்பு அவளுடைய சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படும். 1871 சிகாகோ தீயில் கருகிய பணக்கட்டுகள் வந்தபோது, தொட்டால் பொடியாகும் அந்தத் தாள்களை மெல்லிய கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்து மதிப்பைக் கண்டறிந்தவர்களும் இந்தப் பெண்களே. இந்த வேலைக்குள் நுழையவே செல்வாக்குள்ள அரசியல்வாதியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடிதம் பெற்று வந்துவிட்டால், அதையே காரணமாக வைத்து அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

போருக்கு முன்பே காப்புரிமை அலுவலகத்தில் ஆண்களுக்கு இணையான சம்பளம் வாங்கிய கிளாரா பார்ட்டனை, உடன் பணிபுரிந்த ஆண்கள் நடைகூடத்தில் வரிசையாக நின்று முகத்தில் புகையை ஊதி அவமதித்தார்கள். பிறகு அவர் 100 சொற்களுக்கு 10 சென்ட் கூலி பெறும் நகலெழுத்தராகத் தாழ்த்தப்பட்டார்.

1870இல் சம ஊதியத்துக்கு வழிசெய்து ஒரு சட்டம் வந்தது, உண்மைதான். ஆனால் அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் துறைத் தலைவரின் விருப்பம் என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டது.