எஸ்எஸ்டி சாகல வே, டிரைவர்தான் இல்ல!

பாளையங்கோட்டையில கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு டிடிபி கடை. லேப்டாப் விண்டோஸ் 11க்கு ஏறினதுல இருந்து ஸ்டிக்கர் வெட்டுற பிளாட்டர் அசைய மாட்டேங்கு. பழையபடி 10க்கே இறக்கித் தாங்கன்னு சர்வீஸுக்குக் குடுத்தா, சாயங்காலம் வந்த பதில்: "அண்ணாச்சி, எஸ்எஸ்டி செத்துட்டு. புதுசுதான் போடணும்."

எப்படிவே சாகும்? காலையில அதே எஸ்எஸ்டியில (ஃபைலெல்லாம் இருக்கிற டிஸ்க்) விண்டோஸ் பூட் ஆகித்தான பத்திரிகை பிரிண்ட் போச்சு?

சர்வீஸ்காரன் விண்டோஸ் 10 இன்ஸ்டாலர் இருக்கிற பென் டிரைவச் சொருகியிருக்கான். எங்க இன்ஸ்டால் பண்ணணும்னு கேக்குற பக்கத்துல டிஸ்க் லிஸ்ட் காலியாக் கிடந்திருக்கு. ரெஃப்ரெஷ் அமுக்கினான், காலி. அடுத்த போர்ட்ல சொருகினான், காலி. உடனே தீர்ப்பு எழுதிட்டான்! லிஸ்டுக்குக் கீழயே 'லோட் டிரைவர்'னு போட்டுருக்கே, அங்க கண்ணு போகலியா? பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னால திறக்குற செட்டிங்ஸ்) போயிருந்தா எஸ்எஸ்டி பேரு தெரிஞ்சிருக்குமே. அந்த ஒரு நிமிஷம் பாக்க முடியாதவன் அடுத்தவன் காசுக்குப் புது எஸ்எஸ்டி வாங்கச் சொல்லலாமா?

இன்டெல் பிராசஸர் 11வது தலைமுறையில இருந்து நெறைய லேப்டாப்புல விஎம்டி (எஸ்எஸ்டிய நிர்வகிக்கிற இன்டெல் வசதி) ஆன்லதான் வரும். அதுக்கான டிரைவர் (அத விண்டோஸுக்குப் புரிய வைக்கிற சாஃப்ட்வேர்) விண்டோஸ் 10 இன்ஸ்டாலருக்குள்ள கிடையாது. அதனால டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. லேப்டாப் கம்பெனி சைட்ல மாடல் நம்பர் போட்டு இன்டெல் ஆர்எஸ்டிங்கிற அந்த டிரைவர இறக்கணும். இஎக்ஸ்இ ஃபைல அப்படியே போட்டா இன்ஸ்டாலர் சீண்டாது. பிரிச்சு, ஐஎன்எஃப் ஃபைல் இருக்கிற ஃபோல்டரப் பென் டிரைவ்ல வைக்கணும். லோட் டிரைவர் அமுக்கி அதக் காட்டினா டிஸ்க் வந்துரும்.

பயாஸ்ல விஎம்டிய ஆஃப் பண்ணாலும் டிஸ்க் தெரியும். ஆனா இருக்கிற விண்டோஸ் பூட் ஆகாமப் படுத்துக்கும், பிட்லாக்கர் (டிஸ்கப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) இருந்தா 48 இலக்க ரெகவரி கீயக் கேக்கும். அதனால டேட்டாவ வெளிய எடுக்காம, கீய எழுதி வைக்காம பயாஸ்ல கைய வைக்கவே கூடாது.

இந்தக் கொடுமைக்கெல்லாம் மூலம், 11க்கு ஏறினவங்க பழசுக்குத் திரும்பக் குடுக்கிற 10 நாள் கெடு. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி போயி 'கோ பேக்' அமுக்கினா ஃபைல் போகாமப் பழசுக்குத் திரும்பலாம். 10 நாள் தாண்டினா அந்த வழி அடைஞ்சு போகும். இடம் பத்தலன்னு 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டர அழிச்சா அதுக்கு முன்னாலயே போச்சு. கெடுவுக்குள்ள டிஸ்ம்ங்கிற (DISM) விண்டோஸ் கமாண்டு போட்டு 60 நாள் வரைக்கும் நீட்டலாம், அத எந்தத் திரையிலயாவது சொல்லுதாவளா? முகூர்த்த மாசத்துல பத்திரிகைக் கடைக்காரன் சாப்பிடவே நேரமில்லாமக் கிடப்பான், அவன் 10 நாளுக்குள்ள என்னத்தக் கண்டுபிடிப்பான்?

விண்டோஸ் 10க்கான சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுட்டு. இறக்குறவங்க அதத் தெரிஞ்சே இறக்கணும். இறக்கினதும் வைஃபை வரலன்னா ஆண்ட்ராய்டு போன யூஎஸ்பியில மாட்டி டெதரிங் போட்டா நெட் வந்துரும், டிரைவர எடுத்துக்கலாம்.

இன்னொண்ணு, இதுக்குத்தான் ரெம்ப ஆத்திரம் வருது. ஃபார்மட் அடிக்க முன்னால ஃபான்ட்ஸ் ஃபோல்டரக் காப்பி எடுங்கடேன்னு எத்தன தடவ சொல்ல? பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட் போயிட்டுன்னா அத்தன வருசத்துப் பத்திரிகையும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் திறக்கும். மாப்பிள்ள பேரையே வாசிக்க முடியாதுவே!