பட்டியலில் பதிந்தால் மட்டும் போதாது
அமெரிக்காவில் விற்பனை அழைப்பு வேண்டாம் என்பவர்களுக்கான 'டூ நாட் கால்' பட்டியலில் எண்ணைப் பதிந்தால் ரோபோ அழைப்புகள் (இயந்திரம் தானாகச் செய்யும் அழைப்புகள்) நின்றுவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மோசடிக்காரன் எந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு அழைக்கிறான்? நம் கையில் உள்ள உண்மையான பலம் வழக்குப் போடும் உரிமைதான். தொலைபேசித் தொல்லையைத் தடுக்கும் 1991 கூட்டாட்சிச் சட்டப்படி விதிமீறிய ஒவ்வொரு அழைப்புக்கும் 500 டாலர் கேட்கலாம். தெரிந்தே செய்திருந்தால் 1,500 வரை போகும். ஆனால் 2021-இல் ஃபேஸ்புக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும் 'தானியங்கி டயலர்' (எண்களைத் தானாகவே அழைக்கும் கருவி) என்பதற்கான வரையறையைச் சுருக்கியதில் பல நிறுவனங்கள் தப்பித்தன.

அதே ஆண்டு ஃபுளோரிடா மாநிலம் தனிச்சட்டம் கொண்டுவந்தது. இரவு 8 மணிக்கு மேல் விற்பனை அழைப்பு கூடாது, ஒரே விஷயத்துக்கு 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் கூடாது. நல்ல சட்டம்! ஆனால் 2023-இல் அதையும் தளர்த்திவிட்டார்கள். இப்போது குறுஞ்செய்தித் தொல்லை என்றால் முதலில் 'ஸ்டாப்' என்று பதில் அனுப்பி, 15 நாள் காத்திருந்து, அப்புறமும் வந்தால்தான் வழக்குப் போடலாம். தொல்லைப்படுபவர் தலையிலேயே வேலையைக் கட்டுவது எந்த நியாயம்? வயதானவர்கள் இதையெல்லாம் எப்படிச் செய்வார்கள்? வீட்டில் பெரியவர்கள் இருந்தால், வரும் அழைப்புகளின் தேதி, நேரம், எண்ணை வழக்குக்குச் சான்றாக நீங்களே குறித்து வையுங்கள்.