உள்வழியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்

சனிக்கிழமை ராத்திரி எங்கள் சாட்ஸ்வர்த் (தென்னாப்பிரிக்கா, டர்பன்) வாட்ஸ்ஆப் குழுவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். என்னை நீக்கியதும் தெரிந்திருக்கும். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஹிகின்சன் ஹைவேயில் ரோட்பிளாக், உள்வழியாப் போங்க" என்று ஒருவர் போட்டார். ரோட்பிளாக் என்றால் குடித்து ஓட்டுகிறவர்களைப் பிடிக்கப் போலீஸ் வண்டிகளை நிறுத்துகிற இடம். கீழே 17 கைகூப்பல்கள். யாருக்காக இந்தச் செய்தி? குடிக்காதவன் ஊதிக் காட்டிவிட்டு இரண்டு நிமிஷத்தில் போய்விடுவான். ஆக, குடித்தவனை ஹைவேயிலிருந்து இறக்கி, சாட்ஸ்வர்த் தெருக்களுக்குள் அனுப்பி வைக்கிறோம். கேட்டால் சமூக சேவையாம்.

"போலீஸ்காரன் கோல்ட் ட்ரிங்குக்குக் காசு கேட்கிறானே?" லஞ்சம் கேட்கிறவன் இருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. கொடுத்தே ஆக வேண்டிய நிலையில் வண்டி எடுத்தது யார்? "ராத்திரி பஸ் கிடையாதே?" சரி, நியாயம். ஹாலுக்கும் பிரியாணிக்கும் டிஜேவுக்கும் காசு இருக்கிற கல்யாணத்தில் ஒரு வேனுக்கு மட்டும் இல்லையா? "நம்ம ஏரியாவை மட்டும் ஏன் பிடிக்கிறாங்க" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

அப்புறம் "எனக்கு ஏறாது" மாமாக்கள். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 கிராமைத் தொடக்கூடாது. டாக்சி, லாரி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு 0.02. ஏறாத மாமாக்களுக்கென்று சட்டத்தில் தனி அளவு கிடையாது.

என் அண்ணனை இடித்தவரும் ஏறாதவர்தான். இதே உள்வழியில், ரொட்டி வாங்கப் போனவன். ஒரு செருப்பு எதிர்வீட்டு கேட்டுக்கு உள்ளே கிடந்தது. நான்தான் எடுத்தேன். சட்டப்படி இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தமெல்லாம் எடுத்தார்கள். ரிசல்ட் வரவில்லை, வரவில்லை என்று வாய்தாவுக்கு மேல் வாய்தா. கடைசியில் வழக்கையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அம்மா அன்றைக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்திருந்தாள். அதனால்தான் கத்துகிறேன். இடித்த பிறகு எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இடிப்பதற்கு முன்னால் ஒருவனை நிறுத்தக்கூடியது அந்த ரோட்பிளாக்தான். அதற்கும் வழி சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

கைகூப்பியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலு பேர் அண்ணன் கருமாதிக்கு வந்து என் தோளைப் பிடித்து அழுதவர்கள். ஆடி மாதம் கோயிலில் கஞ்சி அண்டா தூக்க ஆள் வேண்டுமென்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். இந்த ஆடிக்கு வேறு ஆள் பாருங்கள்.